அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்: அஞ்சு இடத்தை எப்படி வரிசைப்படுத்த?

#1 புக்கித்_பாத்தோக்

வணக்கம். சிங்கப்பூர்ல கணினி அறிவியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அடுத்த வருஷம் ஒரு செமஸ்டர் அமெரிக்காவுக்கு எக்ஸ்சேஞ்ச் போகணும். விண்ணப்பத்துல அஞ்சு இடத்தை வரிசை போட்டுத் தரணும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். இப்போதைக்கு என் வரிசை:

பெர்க்லி, ஆஸ்டின், சான் டியாகோ, மேடிசன், ஷாம்பெய்ன் (இல்லினாய்).

சிரிக்காதீங்க, ரேங்கிங் பட்டியல் ஒண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு கண்ணுல பட்ட பேரையெல்லாம் எழுதினதுதான். அப்பாவுக்கு டெக்சஸ்னாலே துப்பாக்கி. அம்மாவுக்கு அமெரிக்கா முழுக்கவே துப்பாக்கி. படிப்புக் கட்டணம் வழக்கம்போல இங்கேயே கட்டிடுவேன், அங்க தனியா கிடையாது. தங்க, சாப்பிட, டிக்கெட்டுக்குன்னு 14,000 சிங்கப்பூர் வெள்ளி சேர்த்து வெச்சிருக்கேன். போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன், எதை வெச்சு முடிவு பண்றது? ஆங், கார் ஓட்டத் தெரியாது.

#2 சோளக்காட்டுச் சித்தன்

தங்கச்சி, முதல் வரியில எழுத வேண்டியதைக் கடைசியில எழுதியிருக்கே. கார் ஓட்டத் தெரியாதுங்கிறதுதான் இதுல பெரிய விஷயம். அதுக்கு அப்புறம் வரேன்.

நானும் உன் படிப்புதான். 2022 ஆகஸ்ட்ல ஷாம்பெய்ன் போனேன். ரேங்கிங்கை மூடி வை. உனக்குப் பட்டம் கொடுக்கப்போறது சிங்கப்பூர். நாலு மாசத்துக்கு அங்க போய் உட்கார்றதுல அந்த ரேங்கிங்ல பாதிக்கு மேல உனக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு. நீ பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அங்க உனக்கு எந்த நாலு பாடம் *கிடைக்கும்*. அங்க எந்தப் பாடம் இருக்குங்கிறது வேற கதை.

என் கதையைக் கேளு. கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு பாடத்துக்கு மாட்யூல் மேப்பிங் அனுமதி, அதாவது அங்க படிக்கிறதை இங்க கணக்குல எடுத்துக்கிற அனுமதி, வாங்கிட்டேன். ரொம்பத் திட்டமா போறோம்னு எனக்கே ஒரு பெருமை. போய் கணினியில பதிவைத் திறந்தா மூணு பாடம் பூட்டியிருக்கு. கணினி அறிவியலை மேஜரா எடுத்த அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தான் முதல் உரிமை, அவங்க எடுத்து மிச்சம் இருந்தாத்தான் நமக்கு. எக்ஸ்சேஞ்ச் மாணவனுக்குப் பட்டம் தர்றதில்லையே, அதனால வரிசையில கடைசி ஆளு. முதல் வாரம் பூரா லெக்சர் ஹால் படிக்கட்டுல உட்கார்ந்து பாடம் கேட்டேன். வகுப்பு முடிஞ்சதும் பேராசிரியர்கிட்ட ஓடிப்போய், இந்தப் பாடத்துக்கு முன்னாடி படிக்க வேண்டியதையெல்லாம் ஊர்ல படிச்சிட்டேன்னு சிலபஸை நீட்டுவேன். ஒருத்தர் கையெழுத்துப் போட்டார். இன்னொருத்தர் ரொம்பப் பணிவா முடியாதுன்னுட்டார்.

கடைசியில எடுத்தது ஒரு கணினிப் பாடம், ரெண்டு புள்ளியியல், ஒரு மண்ணியல். மண்ணியல்னா மண்ணைப் பத்திதான், நெசமாவே. மழை நாள்ல ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒரு குழிக்குள்ள இறங்கி, சுவர்ல இருக்கிற மண்ணை விரல்ல உருட்டி, இது களியா வண்டலான்னு சொல்லணும். வீவக அடுக்குமாடியில பத்தாவது மாடியில வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேணும்? அந்த செமஸ்டர்ல எனக்கு மறக்காம நிக்கிற வகுப்பு அது ஒண்ணுதான்.

அதனால நாலு பாடம் வேணும்னா எட்டுக்கு அனுமதி வாங்கிட்டுப் போ. எட்டும் கணினிப் பாடமா இருந்தா என் கதிதான்.

இப்போ பஸ். மாணவர் அட்டை இருந்தா ஷாம்பெய்ன் பஸ்ல காசு கிடையாது, ராத்திரி நேரத்துலயும் ஓடும். சிகாகோ போக ரயில் இருக்கு, கோச் பஸ்ஸும் இருக்கு, மூணு மணி நேரம். அதைத் தாண்டினா சோளம். பல்கலை நடுவுலயே 1876-லேர்ந்து சோளம் பயிர் பண்ற ஒரு துண்டு நிலம் இருக்கு. அதுமேல நிழல் விழக்கூடாதுன்னு பக்கத்துல இருக்கிற நூலகத்தைப் பூமிக்கு அடியில கட்டினாங்கன்னு அந்த ஊர்ல எல்லாரும் சொல்வாங்க.

#3 ஒஸ்லோ_பெடியன்

சான் டியாகோவை மூண்டாவதாப் போட்டிருக்கிறீங்கள். அங்க செமஸ்டர் இல்லை எண்டு தெரியுமோ?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில பெர்க்லியும் மெர்செடும் மட்டும்தான் செமஸ்டர். சான் டியாகோ, டேவிஸ், லொஸ் ஏஞ்சலஸ், சாந்தா பார்பரா எல்லாம் குவாட்டர். பத்துக் கிழமைப் படிப்பு, பிறகு சோதினை. நாலாங் கிழமையே மிட்டேர்ம் வந்திடும். தடிமன் வந்து ஒரு கிழமை படுத்தீங்கள் எண்டால் பாடத்தில பத்திலொண்டு போச்சு.

ஃபோல் குவாட்டர் செப்டெம்பர் கடைசியில தொடங்கி டிசம்பர் நடுவில முடியும். நேரம் சரியாப் பொருந்துது எண்டு தோன்றும். ஆனா குவாட்டர் யூனிட் வேற, செமஸ்டர் யூனிட் வேற. ஒண்டரை குவாட்டர் யூனிட் சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் யூனிட். அங்க ஒரு பாடம் வழமையா நாலு யூனிட், செமஸ்டர் கணக்கில அது ரெண்டே முக்காலும் வராது. நாலு பாடம் எடுத்துக் களைச்சு விழுந்து வந்தாலும், உங்கட பல்கலைக்கழகம் மூண்டு பாடத்துக்குக் கிட்டத்தான் கணக்கில எடுக்கும்.

நான் வின்டரும் ஸ்பிரிங்குமா ரெண்டு குவாட்டர் போனனான். கிரெடிட் கனக்க வந்தது. ஆனா ஜூன் நடுப்பகுதியிலதான் சோதினை முடிஞ்சது. கோடை வேலை ஜூன் முதலாம் திகதி தொடங்க இருந்தது, அது போயிட்டுது.

ஊரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டன். 2021 நவம்பரில இருந்து ட்ராம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வருது. அதே ட்ராமில ஏறி இருந்தால் மற்ற அந்தத்தில மெக்சிகோ எல்லை. என்ர அறை நண்பன் ஒரு சனிக்கிழமை தாக்கோ சாப்பிட எண்டு திகுவானா போயிட்டான். திரும்பேக்க கையில பாஸ்போர்ட் இருக்கு, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தாற டிஎஸ்-2019 கடுதாசி மேசை லாச்சிக்குள்ள. பேந்து நான்தான் அதை எடுத்துக்கொண்டு ட்ராமில எல்லைக்குப் போய், அந்தப் பக்கம் நடந்து, அவனைத் தேடிப் பிடிச்சுக் குடுத்தனான். அந்தக் கடுதாசியில பயணக் கையொப்பமும் வாங்கி வைக்க வேணும். அவன் நல்ல காலம் அதை முதலே வாங்கி வைச்சிருந்தவன்.

#4 புக்கித்_பாத்தோக்

குவாட்டர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது! மே மாசம் ரெண்டாவது வாரத்துல இன்டர்ன்ஷிப் தொடங்குது, கையெழுத்துப் போட்டாச்சு. அப்போ ஜனவரியில போனா சான் டியாகோ அவுட். ஆகஸ்ட்ல போனா கிரெடிட் இடிக்கும்.

சித்தன் அண்ணா, எட்டுப் பாடமா?? ஒவ்வொண்ணுக்கும் சிலபஸ் தேடி அனுப்பணுமே.

#5 சோளக்காட்டுச் சித்தன்

தேடித்தான் அனுப்பணும். இப்போ மூணு ராத்திரி உட்கார மாட்டேன்னா அப்புறம் படிக்கட்டுல உட்காரு.

#6 குளிர்தாங்கி

ஆகஸ்டா ஜனவரியான்னு யாரும் பேசலையே. எந்தப் பல்கலைங்கிறதை விட அது பெரிய முடிவு.

நான் மேடிசன், ஜனவரி. விமானத்துல இறங்கினப்போ மைனஸ் 19. மூக்குக்குள்ள இருக்கிற ஈரம் உறையும்னு யாரும் சொல்லித் தரலை. மூச்சை இழுத்தா உள்ள ஏதோ நறுக்குன்னு ஒட்டிக்கிது, விட்டா விட்டுப்போகுது. முதல் நாள் பயந்தே போயிட்டேன். சிங்கப்பூர் முஸ்தபா கடையில வாங்கின ஜாக்கெட் பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடத் தாங்கலை. கோட்டு அங்கேயே பழைய துணிக் கடையில வாங்குங்க, இங்க காசைக் கொட்டாதீங்க.

ஊர் ரெண்டு ஏரிக்கு நடுவுல இருக்கு. மென்டோட்டா ஏரி உறைஞ்சதும் ஜனங்க அது மேல நடக்கிறாங்க, ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்க. மாணவர் விடுதிப் பக்கத்துலேர்ந்து ஏரிக்கு நடுவுல போய் நின்னு திரும்பிப் பார்த்தா ஊரே ஒரு பொம்மை மாதிரி தெரியும். காலுக்கு அடியில எங்கேயோ பனிக்கட்டி முனகும். நான் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கலை.

ஜனவரிக்கு ஒரு நல்லது இருக்கு: வீடு. அங்க வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்ட்லேர்ந்து ஆகஸ்ட், பன்னெண்டு மாசம். அந்த ஊர்ப் பிள்ளைங்க நிறையப் பேர் ஸ்பிரிங்ல வெளிநாடு போவாங்க, அவங்க அறையை சப்லெட்டா, அதாவது உள்வாடகைக்கு, விடுவாங்க. எனக்கு மாசம் 620 டாலருக்குக் கிடைச்சுது, சமையலறையோட. ஆகஸ்ட்ல போனா நாலு மாசத்துக்கு மட்டும் யாரும் தர மாட்டேங்கிறாங்க, பல்கலையோட டார்ம் விடுதிதான். டார்ம்னா பல இடத்துல சாப்பாட்டுத் திட்டத்தையும் சேர்த்துக் கட்டியே ஆகணும். நாலாவது வாரமே பீட்சாவைப் பார்த்தா அழுகை வரும்.

ஒரு எச்சரிக்கை. அறையைப் பார்க்காம முன்பணம் அனுப்பாதீங்க. என்கூட வந்த பையன் 900 டாலர் அனுப்பினான். முகவரி நிஜம், வீடும் நிஜம், வாடகைக்கு விட்டவர் மட்டும் பொய்.

ஆகஸ்ட்ல போறவங்களுக்கு ஃபுட்பால், ஹாலோவீன், தேங்ஸ்கிவிங்னு எல்லாம் வரிசையா வரும். எனக்கு வந்தது பனியும் மார்ச்ல ஒரு வாரம் லீவும். ஆனா ஏப்ரல் கடைசியில ஒரு நாள் திடீர்னு வெயில் அடிச்சப்போ ஊரே அரை டிரவுசரோட ஏரிக்கரையில வந்து உட்கார்ந்துச்சு பாருங்க, அது ஆகஸ்ட் ஆளுங்களுக்குக் கிடைக்காது.

#7 ரவுண்ட்ராக்_மாமா

அம்மா, நான் ஆஸ்டின் பக்கத்துல பதினெட்டு வருஷமா இருக்கேன். பொண்ணு இங்கதான் படிச்சா. உங்க அப்பா கேட்கிறது நியாயமான கேள்வி, மழுப்பாம சொல்றேன்.

டெக்சஸ்ல உரிமம் உள்ளவங்க அரசுப் பல்கலை வளாகத்துக்குள்ள துப்பாக்கியை வெளியே தெரியாம வெச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. 2016 ஆகஸ்ட் 1-லேர்ந்து நடைமுறையில இருக்கு. 1966-ல இதே ஆகஸ்ட் 1-லதான் ஆஸ்டின் பல்கலைக் கோபுரத்து மேல ஏறி ஒருத்தன் சுட்டான். சரியா அம்பது வருஷம் கழிச்சு அதே தேதி. இங்க இருக்கிறவங்களுக்கே அது உறுத்துச்சு. என் பொண்ணு நாலு வருஷத்துல ஒரு தடவையும் கண்ணால துப்பாக்கி பார்க்கலை. ஆனா அதைச் சொல்லி உங்க அப்பாவைச் சமாதானப்படுத்தச் சொல்ல மாட்டேன். பார்க்கலைங்கிறதுக்கும் இல்லைங்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கே. அவருக்கு மனசு ஒப்பலைன்னா மத்த நாலுல ஒண்ணைப் பாருங்க. நாலு மாசம் தினம் போன்ல பயந்துக்கிட்டு இருக்கிறதுக்குப் படிப்பு எதுக்கு?

மத்தபடி ஊர் நல்ல ஊர். மாணவர் அட்டை காட்டினா பஸ் இலவசம். வெயில்? நான் மதுரைக்காரன், ஆகஸ்ட்ல எனக்கே வெளியே போகத் தோணாது. இன்னொண்ணு, 22 வயசுக்குக் கீழே இருந்தா மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வகுப்பு தொடங்க பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும், இது மாநிலச் சட்டம். அங்கேயே போட்டுட்டு வந்துடுங்க, இங்க வந்து அலையாதீங்க.

#8 ஹெச்பார்

எல்லாரும் ரேங்கிங்கைத் திட்டுறதைப் பார்த்தா வேடிக்கையா இருக்கு. நான் பெர்க்லி போனேன், இயற்பியல். அந்தப் பெயர் எனக்கு உதவியது. பெயரென்றால் லோகோவைச் சொல்லவில்லை. இறுதி ஆண்டுப் பாடம் ஒன்றில் இருபத்தைந்து பேர்தான் இருந்தோம். மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் பேராசிரியர் அறைக்குப் போய்ப் போய், கடைசியில் அவர் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தார். முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கடிதம் பேசியது. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் துறை வலுவாக உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். மண் குழியில் இறங்குவதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

வாடகை கொடுமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயில் இருக்கிறது, கார் தேவையே இல்லை. போனஸாகத் தமிழும் நடத்துகிறார்கள். புறநானூற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் இருந்த துறை. நான் ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தேன். கலிபோர்னியாவில் பிறந்த ஒரு பையன் ழகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் என்பதை வெளியே சொல்லாமல் வந்துவிட்டேன்.

#9 சோளக்காட்டுச் சித்தன்

மண் குழியைத் தொட்டா பொறுக்க மாட்டேன்.

சார், உங்களுக்குக் கிடைச்சது இருபத்தஞ்சு பேர் வகுப்பு. நீங்க இயற்பியல். இந்தப் பொண்ணு கணினி. பெர்க்லியில கணினித் துறையோட முதல் பாடத்துக்கே ஆயிரம் பேருக்கு மேல உட்கார்ந்திருக்காங்க, ஒரு கோலாலம்பூர்த் தோழி சொல்லி அழுதா. மேல் வகுப்புக்கு இடம் மேஜர் ஆளுங்களுக்கே பத்தலை. அந்தக் கூட்டத்துல யார் பேரை யார் ஞாபகம் வெச்சுக் கடிதம் எழுதறது?

#10 ஹெச்பார்

அது சரி. துறையைப் பொறுத்தது என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கணினி என்றால் பெர்க்லியை முதலில் போடச் சொல்ல மாட்டேன். குழி பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

#11 உட்லண்ட்ஸ்_அம்மா

என் மகன் போய் வந்து ஒரு வருஷம் ஆகுது. எந்தப் பல்கலைன்னு சொல்லலை, வேண்டாம். பணம் எங்கே போச்சுன்னு மட்டும் சொல்றேன், 14,000 வெள்ளின்னு எழுதியிருக்கியேம்மா.

காப்புறுதி. எக்ஸ்சேஞ்ச் போறவங்க எடுக்கிற ஜே-1 விசாவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஒரு நோய்க்கு குறைஞ்சது 1 லட்சம் டாலர், அவசரத்துல நாட்டுக்கு அனுப்ப 50,000, இன்னும் சிலது. நாங்க இங்கேயே வாங்கிட்டோம். ஆனா அந்தப் பல்கலை தன்னோட காப்புறுதியையும் தானாவே பில்லுல சேர்த்துடும். எங்கிட்ட ஏற்கனவே இருக்குன்னு ஒரு குறிப்பிட்ட தேதிக்குள்ள படிவம் போட்டாத்தான் எடுப்பாங்க. மகனுக்கு மின்னஞ்சல் வந்திருக்கு, படிக்கலை. தேதி போச்சு. 1,400 அமெரிக்க வெள்ளி. நான் மூணு ராத்திரி கெஞ்சி எழுதினேன், பதில் வந்துச்சு, பணம் வரலை. அதனால ஒரு இடத்தைப் பார்க்கும்போது காப்புறுதி, விடுதி, சாப்பாட்டுத் திட்டம், மாணவர் கட்டணம் நாலையும் கேட்டு எழுதிக் கூட்டிப் பாரு. ட்யூஷன் இல்லைன்னா கட்டணமே இல்லைன்னு நினைச்சுடாதே.

அப்புறம் தட்டம்மை ஊசிச் சான்று. சின்ன வயசுல போட்ட ஆவணத்தைத் தேடி எடுத்து வை. அது இல்லாம மகனுக்குப் பாடப் பதிவையே நிறுத்தி வெச்சிருந்தாங்க.

கறிவேப்பிலை கொண்டு போகாதே. பச்சையா இருந்தா விமான நிலையத்துல எடுத்துக் குப்பையில போட்டுடுவாங்க. எலுமிச்சை, ஆரஞ்சுக்கு வர்ற பூச்சி அதுல வருதாம். பொடி பண்ணிக் கொடுத்தேன், அது தடையில்லாம உள்ளே போச்சு.

#12 புக்கித்_பாத்தோக்

ஆன்ட்டி, கூட்டிப் பார்த்தேன். பெர்க்லியில விடுதியும் சாப்பாடும் சேர்ந்தாலே பட்ஜெட் தாண்டுது. 😭

இன்னொரு கேள்வி. என் தோழி சொல்றா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்தானே, விசா இல்லாமப் போற 90 நாள் எஸ்டா அனுமதியிலேயே போயிடலாம், குவாட்டர் எப்படியும் மூணு மாசம்தானேன்னு. முடியுமா? இன்னொரு தோழி இந்தியப் பாஸ்போர்ட், இங்க பிஆர் (நிரந்தரவாசி). ஜே-1 எடுத்தா திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஊர்லேயே இருக்கணும்னு அவ அப்பா பயப்படறார்.

#13 குளிர்தாங்கி

எஸ்டா கூடவே கூடாது. சுத்திப் பார்க்கத்தான் அது, கிரெடிட் வாங்கிற படிப்புக்குச் செல்லாது. அந்தப் பல்கலை டிஎஸ்-2019 அனுப்பும், செவிஸ்ங்கிற மாணவர் பதிவுக் கட்டணம் நான் விசாரிச்ச வரைக்கும் 220 டாலர், விசா 185 டாலர், நேப்பியர் ரோடு அமெரிக்கத் தூதரகத்துல நேர்காணல். இப்போ 2025 ஜூன்லேர்ந்து சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவா திறந்து வைக்கச் சொல்றாங்க. அதனால நேர்காணல் தேதியைக் கடைசி வரை தள்ளாதீங்க. படிப்பு தொடங்க 30 நாள் முன்னாடி வரைக்கும்தான் உள்ளே விடுவாங்க. முடிஞ்சப்புறம் 30 நாள் சுத்தலாம், அந்த 30 நாளைக்கும் காசு ஒதுக்குங்க, அதுதான் இனிப்பான பகுதி.

ரெண்டு வருஷ விதி எல்லாருக்கும் கிடையாது. அரசாங்கப் பணத்துல போறவங்களுக்கும், டாக்டர் பயிற்சிக்குப் போறவங்களுக்கும், திறன் பட்டியல்னு அமெரிக்கா வெச்சிருக்கிற பட்டியல்ல இருக்கிற நாடு-துறைக்கும்தான். 2024 டிசம்பர்ல அந்தப் பட்டியலைத் திருத்தினப்போ இந்தியாவை எடுத்துட்டாங்க. ஆனா உதவித்தொகை அரசு பணமான்னு பார்க்கச் சொல்லுங்க.

#14 ஒஸ்லோ_பெடியன்

சேப்பல் ஹில் உங்கட பல்கலைக்கழகம் தாற பட்டியலில இருக்கோ? ஒரு சிநேகிதி வட கரோலைனாவில இருந்தவள். அந்த ஊரில பஸ்ஸுக்கு மாணவர் அட்டைகூடத் தேவையில்லை. 2002-ல இருந்து ஆருக்கும் காசில்லை. செமஸ்டர்தான், குளிரும் பெரிசா இல்லை.

#15 புக்கித்_பாத்தோக்

வியாழன் ராத்திரி அப்டேட்.

எட்டுப் பாடம் இல்லை, பதினொண்ணு அனுப்பினேன். துறையிலேர்ந்து பதில் வந்துடுச்சு. ஷாம்பெய்ன்ல ஏழு, மேடிசன்ல ஆறு, சேப்பல் ஹில்ல அஞ்சுக்கு அனுமதி. ரெண்டு இடத்தோட எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டேன், எங்க ஆளுங்களுக்குக் கணினிப் பாடம் எப்போ திறப்பீங்கன்னு. ஒரு இடம் தேதியோட பதில் போட்டுச்சு. இன்னொண்ணு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும்னு மூணு வார்த்தை. அந்த மூணு வார்த்தைக்கு ஒரு இடம் கீழே இறக்கிட்டேன், நியாயமான்னு தெரியலை.

ஆகஸ்ட்ல போறேன். வரிசை: ஷாம்பெய்ன், மேடிசன், சேப்பல் ஹில், ஆஸ்டின், பெர்க்லி. ரவுண்ட் ராக் மாமா எழுதினதை அப்பாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அவர் பாட்டுக்குக் கேட்டுட்டு, நாலாவதா போட்டுக்கோ, கிடைக்காதுன்னு சொல்றார். அம்மா இப்போ துப்பாக்கியை விட்டுட்டு மைனஸ் 19-க்கு வந்துட்டாங்க.

#16 ரவுண்ட்ராக்_மாமா

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லும்மா. நாலாவதே வந்து தொலைஞ்சா எங்க வீட்டுல ஞாயிற்றுக்கிழமை சாம்பார் உண்டு.

#17 சோளக்காட்டுச் சித்தன்

ஏழுல எத்தனை கணினி?

#18 புக்கித்_பாத்தோக்

நாலு. ரெண்டு புள்ளியியல். ஏழாவது மண்ணியல், பொது எலெக்டிவா ஏத்துக்கிறாங்களாம். ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாங்கலாமா, இங்கேருந்து கொண்டு போகணுமா?

#19 சோளக்காட்டுச் சித்தன்

அங்கேயே வாங்கு. அளவு மட்டும் ஒண்ணு பெருசா எடு, உள்ளே ரெண்டு சாக்ஸ் போடணும்.